விரலகலப் படத்துக்குள் எதை வைப்பது?

யூடியூப் வீடியோவுக்கு முகப்பாக வரும் சிறு படமான தம்ப்நெயிலைச் செய்யப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மஞ்சள் இழுக்குமா, சிவப்பு இழுக்குமா, எந்த ஃபாண்ட் போட்டால் கிளிக் வரும் என்று. எனக்கு அதற்கு முன்னால் கேட்க ஒரு கேள்வி உண்டு: இந்தப் படத்தைத் திரையில் எவ்வளவு பெரிதாக வைத்துக்கொண்டு செய்தீர்கள்?

தம்ப்நெயிலை வழக்கமாகச் செய்யும் அளவு 1280 × 720 பிக்சல். போட்டோஷாப்பிலோ கேன்வாவிலோ அதைத் திரை நிறைய விரித்து வைத்தால் எதைச் செய்தாலும் நன்றாகத்தான் இருக்கும். மெல்லிய நிழல், பின்னணியில் சின்னச் சின்ன ஐகான்கள், மூலையில் சேனல் லோகோ, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பார்வையாளர் கையில் அது அப்படிப் போய்ச் சேர்வதில்லை. கணினியில் ஒரு வீடியோவுக்குப் பக்கத்தில் வரிசையாக வரும் பரிந்துரைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 168 பிக்சல் அகலம், 94 பிக்சல் உயரம். பரப்பளவில் கணக்குப் போட்டால், நீங்கள் வரைந்ததில் 58-இல் ஒரு பங்கு. போனில் தேடல் முடிவுகளைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

நேரமும் அப்படியே. ஒரு தம்ப்நெயிலின் பாதியாவது திரையில் ஒரு நொடிக்கு மேல் தெரிந்திருந்தால், அதை ஒரு 'இம்ப்ரெஷன்' என்று யூடியூப் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அதாவது அந்த ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. நெட்ஃபிளிக்ஸ் 2014-இல் தன் பயனர்களிடம் நடத்திய ஆய்வும் இதற்கு நெருக்கமாகத்தான் வந்தது. ஒரு திரைப்படத்தையோ தொடரையோ பரிசீலிக்க மக்கள் சராசரியாக 1.8 நொடி எடுத்துக்கொண்டார்கள். எதைப் பார்க்கலாம் என்று மேயும்போது அவர்களுடைய கவனத்தில் 82 விழுக்காட்டுக்கும் மேல் அதன் முகப்புப் படத்தின் மீதே இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தம்ப்நெயில் தனியாக நிற்பதே இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்தில் நான்கு என்று கூட்டத்துக்குள்தான் நிற்கிறது. சிறிய இடம், கூட்டத்தின் நடுவே. இந்த இரண்டையும் மறக்காமல் இருந்தால் நிறம், முகம், எழுத்து என்று மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே வந்துவிடும். இவற்றை மறந்துவிட்டுச் சொல்லப்படும் அறிவுரைகள் எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

யூடியூபின் தொடக்க காலத்தில் இந்த வேலையே கிடையாது. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு கணத்தின் நிலைப் படத்தை, அதுவே எடுத்து வைத்துக்கொள்ளும். வீடியோவின் சரிபாதியிலிருந்துதான் எடுக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள், அந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத கவர்ச்சிப் படம் ஒன்றைக் கணநேரம் நுழைத்துவைத்தார்கள். அப்புறம் மூன்று ஃபிரேம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. அதற்கும் பிறகுதான் சொந்தப் படம் ஏற்றும் வசதி எல்லோருக்கும் வந்தது. பார்வை எண்ணிக்கையை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் எடை கொடுக்கத் தொடங்கியது 2012-இல். இந்தக் கடைசி மாற்றம் முக்கியமானது. பின்னால் அதற்கு வருகிறேன்.

சரி, படத்துக்குள் என்ன வைப்பது?

ஒரு உதாரணத்தோடு பேசலாம். சொட்டுச் சொட்டாகக் கசியும் குழாயை வீட்டிலேயே சரிசெய்வது பற்றி ஒரு வீடியோ என்று வைத்துக்கொள்வோம். யார் செய்தாலும் முதல் வடிவம் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும்: இடதுபுறம் ஸ்பேனரோடு சிரிக்கும் முகம், வலதுபுறம் முழுக் குழாய், அதிலிருந்து நீலத்தில் சொட்டும் நீர், கீழே 'குழாய்க் கசிவைச் சரிசெய்வது எப்படி?' என்று ஒரு வரி. எல்லாம் இருக்கிறது. 168 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. முகம் ஒரு புள்ளி, குழாய் ஒரு கோடு, எழுத்து ஒரு கறை.

இப்போது கேள்வியை மாற்றிக் கேட்போம். இந்த வீடியோவில் பார்வையாளர் இதுவரை பார்த்திராத பொருள் எது? குழாயை அவர் தினமும் பார்க்கிறார். உள்ளே கிழிந்துபோய்க் கிடக்கும் ரப்பர் வாஷரை அவர் பார்த்ததில்லை. அதை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவந்து, கிழிசல் தெரிகிற மாதிரி ஒரு படம். பின்னணி வெறும் வெளிர் சாம்பல். எழுத்து இரண்டே சொல்: 'இதுதான் காரணம்'. எதற்குக் காரணம் என்பதைக் கீழே வரும் தலைப்பு சொல்லிவிடும். தலைப்பில் இருப்பதையே படத்தில் மறுபடி எழுதினால் கிடைத்த இடத்தில் பாதி வீண். படம் ஒரு பாதி, தலைப்பு மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் 'அட, உள்ளே இப்படி ஒன்று இருக்கிறதா' என்று மனம் திரும்ப வேண்டும்.

இந்த மாதிரிப் படம் முடிந்த வீடியோவுக்குள் தேடினால் கிடைக்காது. அதனால்தான் படப்பிடிப்புக்குப் போகும் முன்பே தம்ப்நெயிலை முடிவு செய்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். தாளில் பென்சிலால் நான்கு கோடு போதும். வாஷரைத் தனியாகப் படம் எடுக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். வீடியோவிலிருந்து ஃபிரேம் எடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் வேகம், அதாவது ஒரு ஃபிரேம் ஒளியை வாங்கும் நேரம், வழக்கமாக 1/50 நொடி. அசைவு இயல்பாகத் தெரிய அது தேவை. ஆனால் அந்த வேகத்தில் கொஞ்சம் அசையும் கைகூட ஒவ்வொரு ஃபிரேமிலும் கலங்கித்தான் பதியும். 1/250-இல் தனியாக எடுத்த ஒரு போட்டோவின் கூர்மை அதில் வரவே வராது. பேசும் முகத்துக்கும் இதே கதி: பாதி மூடிய கண்ணும் பாதி திறந்த வாயும்தான் அதிகம் கிடைக்கும்.

நிறத்துக்கு வருவோம். கண் முதலில் பிரித்தறிவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை. நிறம் அதற்குப் பிறகு. திரை காட்டும் ஒளிர்வில் வெள்ளையை 100 என்று வைத்துக்கொண்டால் முழு மஞ்சள் ஏறத்தாழ 93, முழுச் சிவப்பு 21, முழு நீலம் 7. இந்த மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். கறுப்பின் மேல் மஞ்சள் ஏன் பளிச்சென்று நிற்கிறது? இரண்டு நிறங்களின் ஒளிர்வு எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லும் கான்ட்ராஸ்ட் விகிதம் அங்கே 19-க்கும் மேல். வெள்ளைச் சுவரின் முன் அதே மஞ்சள் ஏன் காணாமல் போகிறது? 93-க்கும் 100-க்கும் நடுவில் என்ன இடைவெளி இருக்கிறது? நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து பெரிய திரையில் துடிப்பாகத்தான் தெரியும். ஆனால் அதன் விகிதம் 2-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவே. பெரிய எழுத்துகளுக்கே குறைந்தது 3 இருக்க வேண்டும் என்கின்றன, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்கும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான அணுகல் விதிகள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 'தவறு' என்பதைச் சிவப்பிலும் 'சரி' என்பதைப் பச்சையிலும் மட்டுமே காட்டும் ஒப்பீட்டுப் படம் அவர்களில் பலருக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை போதும். முடித்த படத்தின் மேல் ஒரு கறுப்பு-வெள்ளை லேயரைப் போட்டுப் பாருங்கள். முக்கியப் பொருள் பின்னணியிலிருந்து அப்போதும் பிரிந்து நின்றால் எந்த நிறத்தையும் தைரியமாகப் பூசலாம். பிரியவில்லை என்றால் எந்த நிறமும் காப்பாற்றாது.

சிவப்பு எழுத்தைப் பற்றி இன்னும் ஒன்று, பலரும் கவனிக்காதது. நீங்கள் எந்தக் கோப்பை ஏற்றினாலும் யூடியூப் அதை மறுபடி சுருக்கித்தான் காட்டும். இப்படிச் சுருக்கும் முறைகள் ஒளிர்வு விவரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தை வழக்கமாகக் கால் பங்காகக் குறைத்துவிடும். நிறத்தால் மட்டுமே பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும் எழுத்தின் விளிம்பு அப்போது கசிந்து மங்கும். கருநீலத்தின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து இருந்தால் ஏற்றிய பிறகு போய்ப் பாருங்கள். எடிட்டரில் இருந்த கூர்மை அங்கே இருக்காது.

படத்தின் விளிம்புக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒருவர் இருண்ட தோற்றத்தில் யூடியூபை வைத்திருப்பார், இன்னொருவர் வெள்ளையில். ஓரங்கள் முழுக் கறுப்பாக இருந்தால் முதலாமவருக்குப் படத்தின் எல்லை தெரியாது. முழு வெள்ளையாக இருந்தால் இரண்டாமவருக்குத் தெரியாது. கூட்டத்தில் நிற்கும் படத்துக்குத் தன் சட்டம் தெரிவது முக்கியம். நடுத்தர நிறமாக வைத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும். அப்புறம், கீழே வலது மூலையில் வீடியோவின் நீளத்தைக் காட்டும் சிறு பட்டை வந்து உட்காரும். அங்கே ஒரு எழுத்தையும் வைக்காதீர்கள். பாதி பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அடிவிளிம்பு நெடுக ஒரு சிவப்புக் கோடு ஓடும். அதனால் அடியை ஒட்டியும் எதையும் வைக்க வேண்டாம்.

முகம் வைக்கலாமா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. மனித மூளையில் முகங்களுக்கென்றே தனியாகச் செயல்படும் ஒரு பகுதி உண்டு என்று மூளை ஆய்வாளர் நான்சி கன்விஷரும் அவரது குழுவினரும் 1997-இல் விவரித்தார்கள். முகம் இழுக்கும் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் எல்லோரும் முகத்தையே வைக்கும்போது, அதுவும் வாயைப் பிளந்த அதே முகத்தை, பக்கத்துப் படங்களில் கலந்து போவதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை. பேசுகிறவரைப் பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் முகம் ஒரு கையெழுத்துப் போல வேலை செய்யும். புதிய சேனலில் அந்த முகம் யாரோ ஒருவர். அங்கே பொருளுக்குத்தான் நான் இடம் கொடுப்பேன்.

முகம் வைப்பதாக இருந்தால் கண் பார்க்கும் திசையை யோசியுங்கள். எதிரே இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நம் கவனமும் தானாகத் திரும்பும். 1998-இல் வந்த ஒரு பார்வைச் சோதனையில், 'இந்தக் கண்கள் காட்டும் திசையை நம்ப வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்த பிறகும் மக்கள் கவனம் அந்தப் பக்கம் போயிற்று. ஆக, வலதுபுறம் பொருளை வைத்துவிட்டு முகம் இடப்பக்கம் பார்த்தால் நீங்களே பார்வையாளரைச் சட்டத்துக்கு வெளியே அனுப்புகிறீர்கள். உணர்ச்சியும் மிதமாக இருக்கட்டும். லேசாகச் சுருங்கிய புருவம் சின்ன அளவிலும் தெரியும். கூச்சல் தேவையில்லை.

இனி எழுத்து. தமிழில் தம்ப்நெயில் செய்பவர்களுக்கு மிகப் பெரிய சவால் இதுதான். ஆங்கிலத் தம்ப்நெயில்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வழிகள் பலவும் இங்கே செல்லுபடியாகாது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்து அழுத்தம் கொடுக்கலாம் என்றால் நம் எழுத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அழுத்தம் தடிமனாலும் அளவாலும் மட்டுமே வர வேண்டும். வரிகளை ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கும் பாணியும் சரிவராது. மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரத்தின் வாலும் இருப்பதால், மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'ட்'டும் மோதிக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் 'கெ'வின் கொம்பு தனியே விலகிப்போய் வேறு எழுத்துப் போலத் தெரியும். அந்த அளவை பூஜ்யத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

புள்ளிதான் எனக்கு அதிகம் கவலை தருவது. சின்ன அளவில் முதலில் மறைவது அதுதான். 'பட்டம்' என்று எழுதியது புள்ளி தெரியாமல் 'படடம' என்று நிற்கும். பார்வையாளர் ஊகித்துப் படித்துவிடுவார், ஆனால் ஊகிக்கும் அந்த அரை நொடி நமக்குப் பெரிய நஷ்டம். எழுத்தைச் சுற்றித் தடித்த அவுட்லைன் போடும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. அந்தக் கோடு உள்பக்கமாகவும் வளர்ந்தால் 'ண', 'ஞ', 'இ' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துப்போகும். அவுட்லைனை வெளிப்பக்கம் மட்டும் வைத்து, எழுத்துக்குப் பின்னால் ஒரு லேயராகப் போடுங்கள். அதைவிட நல்லது, எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறத்தில் ஒரு பட்டையை வைத்துவிட்டு அவுட்லைனையே விட்டுவிடுவது.

ஃபாண்டைப் பொறுத்தவரை, சுழிகள் திறந்தும் புள்ளி பெரிதாகவும் இருப்பதைத் தேடுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பாலூ தம்பி, முக்த மலர், கேட்டமரான், அனெக் தமிழ் நான்கையும் முயன்று பார்க்கலாம். இவற்றில் அனெக் தமிழைத் தனியாகப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் அதன் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே மாற்றிக்கொள்ள முடியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அகலத்தைக் கொஞ்சம் ஒடுக்கித் தடிமனைக் கூட்டினால், உயரத்தை விட்டுக்கொடுக்காமல் சொல் சட்டத்துக்குள் அடங்கும். ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்தும் பக்கவாட்டில் அமுக்கிய எழுத்தும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமுக்கினால் நேர்க்கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் மட்டும் தடித்து நிற்கும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழை ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறினால், அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள். சரியாகிவிடும்.

சொற்களையும் குறையுங்கள். மூன்று சொல்லுக்கு மேல் போனால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 'பயன்படுத்துவதற்கான' போன்ற சொல் ஒன்றே ஒரு வரியை விழுங்கும். அதை இரண்டாக உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவதைவிட, பேச்சில் வரும் குட்டிச் சொல்லைத் தேடுவது மேல்: 'ஏன்?', 'இதுவா?', 'வேண்டாம்', 'முதல் நாள்'. எழுத்தே இல்லாமல் படம் நின்றால் இன்னும் நல்லது.

சிவப்பு அம்புக்குறிகளும் வட்டங்களும் பற்றி என் கருத்து கடுமையானது. அம்பு காட்டும் இடத்தில் உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒன்று இருந்தால் வையுங்கள்; கிழிந்த வாஷரின் கிழிசலுக்கு ஒரு வட்டம் போடுவது நியாயமானதே. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு வட்டம் போட்டு இழுப்பது பார்வையாளரின் நேரத்தைத் திருடுவது. வீடியோவில் இல்லாததைத் தம்ப்நெயிலில் காட்டுவது யூடியூபின் விதிகளுக்கும் எதிரானது. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது. நடக்காத வெடிப்பையும் இல்லாத கூட்டத்தையும் ஒரு நிமிடத்தில் வரைந்து கொடுத்துவிடும். பின்னணியைச் சுத்தம் செய்ய, படத்தின் ஓரத்தை நீட்ட அதைப் பயன்படுத்துங்கள். வீடியோவின் மையப் பொருளை மட்டும் கேமராவில் எடுங்கள்.

இங்கேதான் அந்த 2012 மாற்றத்துக்குத் திரும்ப வேண்டும். ஏமாற்றி வாங்கிய கிளிக் இருபது நொடியில் வெளியேறிவிடும். அந்த வெளியேற்றமும் கணக்கில் ஏறும். யூடியூப் 2023-இல் அறிவித்து அடுத்த ஆண்டு பரவலாகக் கொடுத்த தம்ப்நெயில் ஒப்பீட்டுச் சோதனையைப் பாருங்கள். ஒரு வீடியோவுக்கு மூன்று படங்கள் வரை கொடுக்கலாம்; அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் முடிவு வரும். வெற்றி எதை வைத்துத் தெரியுமா? எந்தப் படத்தின் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து. கிளிக் எண்ணிக்கையை வைத்து அல்ல. இந்தச் சோதனையைப் பயன்படுத்தும்போது மூன்று படங்களும் உண்மையிலேயே வேறு வேறு யோசனையாக இருக்கட்டும்: ஒன்றில் பொருள், ஒன்றில் முகம், ஒன்றில் முன்னும் பின்னும். ஒரே படத்தின் எழுத்து நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால், 'பெரிய வேறுபாடு இல்லை' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

கிளிக் விகிதத்தை, அதாவது இம்ப்ரெஷன்களில் எத்தனை விழுக்காடு கிளிக்காக மாறியது என்பதை, படிப்பதிலும் நிதானம் வேண்டும். சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதி, 2 முதல் 10 விழுக்காட்டுக்குள்தான் இருக்கிறது என்று யூடியூபே சொல்கிறது. வெளியான முதல் நாள் உங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குப் படம் அதிகம் காட்டப்படும், விகிதம் உயரமாக இருக்கும். பிறகு உங்களை அறியாத கூட்டத்துக்குப் போகும்போது விகிதம் இறங்கும். அது நல்ல செய்தி. வீடியோ பரவுகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பதறி அன்றைக்கே தம்ப்நெயிலை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர், கொஞ்சம் பொறுத்திருங்கள்.

மாற்ற வேண்டிய படங்கள் பழைய வீடியோக்களுக்குள் இருக்கின்றன. யூடியூப் உங்கள் சேனலுக்குத் தரும் ஆய்வுப் பக்கத்தில் (அனலிட்டிக்ஸ்) மூன்று எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: இம்ப்ரெஷன் அதிகம், கிளிக் விகிதம் உங்கள் சேனலின் வழக்கத்தைவிடக் குறைவு, உள்ளே வந்தவர்களோ நீண்ட நேரம் இருந்திருக்கிறார்கள். அந்த வீடியோ நல்ல வீடியோ. யூடியூப் அதைக் காட்டிக்கொண்டும் இருக்கிறது. வாசலில் நிற்கும் படம் மட்டும் சரியில்லை. இப்படிப்பட்ட ஐந்தாறு வீடியோக்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி முழுதாகப் பார்த்து, பார்வையாளர் வேறெங்கும் பார்த்திராத அந்த ஒரு பொருளைக் கண்டுபிடித்துத் தனியாகப் படம் எடுங்கள். படத்தை முடித்ததும் 168 பிக்சலுக்குச் சுருக்கி, அதே தேடலில் வரும் மற்றப் படங்களின் ஸ்கிரீன்ஷாட்டுக்கு நடுவே ஒட்டி, போனில் திறந்து பாருங்கள். அங்கே தெரிந்தால் ஏற்றலாம். தெரியவில்லை என்றால் இன்னும் ஒரு பொருளை எடுத்துவிட்டு மறுபடி சுருக்குங்கள்.